கருப்பை வாய்ப் புற்றுநோயும் உடலின் செய்தி மூலக்கூறுகளும்

புறநோயாளிகள் பிரிவில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் வினா ஒன்று உண்டு. "இந்தக் கிருமி பெரும்பாலான பெண்களுக்கு வந்து போய்விடும் என்கிறீர்கள். அப்படியென்றால் எனக்கு மட்டும் ஏன் புற்றுநோயாக மாறியது? நான் என்ன தவறு செய்தேன்?" சில வேளைகளில் நோயாளி இதனை வாய்விட்டுக் கேட்பதில்லை. அவர் பரிசோதனை அறைக்குள் உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது, உடன் வந்த மகளோ தங்கையோ தாழ்ந்த குரலில் கேட்கிறார்.

இவ்வினாவுக்கு நேர்மையான விடை அளிக்க வேண்டுமெனில், வைரஸைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. அந்த வைரஸைக் கண்டதும் நம் உடலின் அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் செய்திகளைப் பற்றியும் பேச வேண்டும். அச்செய்திகள் உரிய நேரத்தில் உரிய இடத்தை அடைந்தால் வைரஸ் அகன்றுவிடுகிறது. அவை தடைபட்டாலோ திசைமாறினாலோ வைரஸ் தங்கிவிடுகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயின் தொடக்கம் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் உள்ளது. இதனை நோயாளிகளும் குடும்பத்தாரும் புரிந்துகொள்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

வைரஸ் பற்றிச் சில சொற்கள்

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ எல்லா நோயாளிகளிடத்தும் மனித பாப்பிலோமா வைரஸ் என்னும் எச்.பி.வி. கிருமியின் நீடித்த தொற்றினால் உண்டாகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெரால்டு சுர் ஹவுசனும் அவருடைய குழுவினரும் 1983, 1984ஆம் ஆண்டுகளில் இப்புற்றுக் கட்டிகளிலிருந்து 16, 18 ஆகிய எண்களைக் கொண்ட எச்.பி.வி. வகைகளைப் பிரித்தெடுத்தனர். அதற்காக 2008ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. இவ்வைரஸில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றுள் சிலவே புற்றுநோயை உண்டாக்கவல்லவை. 16, 18 ஆகிய இரு வகைகள் மட்டுமே கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணமாகின்றன.

இது பாலுறவின் வழியாகப் பரவும் மிகச் சாதாரணமான தொற்று. மணவாழ்வில் ஈடுபட்ட ஆண், பெண் இருபாலரிலும் பெரும்பாலோர் வாழ்நாளில் என்றேனும் ஒருமுறை இதனைப் பெற்றிருப்பர். வலியோ காய்ச்சலோ இராது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பத்துப் பெண்களுக்குத் தொற்று ஏற்பட்டால் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு அது இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே அடங்கிவிடுகிறது. எஞ்சியவர்களில் சிலருக்கு அது பல ஆண்டுகள் தங்குகிறது. அவ்வாறு தங்கிய தொற்று, புற்றுக்கு முந்தைய மாற்றங்களை உண்டாக்கிப் பின் புற்றுநோயாக வளர்வதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகிறது.

ஆகவே இன்று கண்டறியப்படும் நோயின் வித்து மிகப் பழையது. எந்த ஆண்டில், யாரிடமிருந்து வந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. ஒரே துணையோடு வாழ்ந்தவர்களுக்கும் இந்நோய் வரக்கூடும். இதனைக் கொண்டு ஒருவருடைய ஒழுக்கத்தை அளப்பது அறிவியலுக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது.

செய்தி மூலக்கூறுகள் என்பவை யாவை?

நம் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு ஓரிடத்தில் அமர்ந்திருக்கும் உறுப்பு அன்று. வெள்ளையணுக்கள், தோலிலும் உள்சவ்வுகளிலும் உள்ள காவல் அணுக்கள், நெறிகட்டும் இடங்களான நிணநீர் முடிச்சுகள் எனப் பரவிக் கிடக்கும் அமைப்பு அது. தொலைவில் உள்ள இவ்வணுக்கள் ஒன்றாகச் செயல்பட வேண்டுமானால் அவற்றிடையே செய்திப் பரிமாற்றம் வேண்டும். அப்பணியைச் செய்யும் மிகச் சிறிய புரதங்களே சைட்டோகைன்கள். ஓர் அணு இதனைச் சுரக்கிறது. மற்றோர் அணு தன் மேற்பரப்பில் உள்ள ஏற்பியின் வழியாக இதனைப் பெறுகிறது. பெற்றதும் தன் செயலை மாற்றிக்கொள்கிறது. மிக நுண்ணிய அளவிலேயே இவை பெரும் விளைவை உண்டாக்குகின்றன.

இவற்றின் வேலையை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். சளிக்காய்ச்சல் வரும்போது உடல் சுடுவதும், கைகால் உளைவதும், சோறு பிடிக்காமற் போவதும் பெரும்பாலும் கிருமியின் நேரடிச் செயல் அல்ல. இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 போன்ற செய்தி மூலக்கூறுகள் மூளைக்கும் தசைகளுக்கும் விடுக்கும் அறிவிப்பே அவ்வுணர்வுகளாக வெளிப்படுகின்றது.

இம்மூலக்கூறுகளைப் பணியின் அடிப்படையில் சில பிரிவுகளாகக் காணலாம். வைரஸ் நுழைந்துவிட்டது என்று முதலில் எச்சரிப்பவை இன்டர்ஃபெரான்கள். இவற்றை 1957ஆம் ஆண்டு லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மான் என்னும் இருவர் கண்டறிந்தனர். வெள்ளையணுக்களிடையே கட்டளைகளைக் கொண்டு செல்பவை இன்டர்லூக்கின்கள். அழற்சியைத் தூண்டுவது கட்டி நசிவுக் காரணி எனப்படும் டி.என்.எஃப். காவல் அணுக்களை இடம் காட்டி அழைப்பவை கீமோகைன்கள். சண்டை முடிந்ததும் அமைதிப்படுத்தும் செய்திகளும் உண்டு. இன்டர்லூக்கின்-10, டி.ஜி.எஃப்.-பீட்டா ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. இவை இல்லாவிடில் ஒரு சிறு தொற்றுக்குப் பின்னும் உடல் தன்னையே தாக்கிக்கொண்டிருக்கும்.

பெரும்பாலான பெண்களிடத்து நடப்பது

கருப்பை வாயின் மேல்தோல் பல அடுக்குகளால் ஆனது. அதில் ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களின் வழியாக வைரஸ் நுழைந்து, அடித்தள அணுக்களைப் பற்றுகிறது. தனக்குள் அயலான மரபுப்பொருள் இருப்பதை உணரும் அணு, இன்டர்ஃபெரானைச் சுரந்து அக்கம்பக்கத்து அணுக்களை எச்சரிக்கிறது. மேல்தோலில் உள்ள லாங்கர்ஹான்ஸ் அணுக்கள் என்னும் காவலர்கள் வைரஸின் துணுக்குகளை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குச் செல்கின்றன. அங்கு டி அணுக்கள் அத்துணுக்கை அடையாளம் காண்கின்றன.

டி அணுக்களில் உதவி அணுக்கள், கொல்லும் அணுக்கள் என இரு பெரும் பிரிவுகள் உண்டு. உதவி அணுக்கள் இன்டர்லூக்கின்-2, இன்டர்ஃபெரான்-காமா ஆகிய செய்திகளை வெளியிட, கொல்லும் அணுக்கள் பெருகிக் கருப்பை வாய்க்குச் சென்று தொற்றுற்ற அணுக்களை அழிக்கின்றன. இதற்குச் சில மாதங்கள் முதல் இரண்டு ஆண்டுகள் வரை ஆகலாம். அப்பெண்ணுக்கு இவ்வளவும் நடந்தது தெரியவே தெரியாது.

வைரஸ் செய்தியை எவ்வாறு மறிக்கிறது?

எச்.பி.வி. தன் இருப்பை மறைப்பதில் மிகத் திறமை வாய்ந்தது. அது இரத்தத்தில் கலப்பதில்லை. தான் குடியேறிய அணுவை வெடிக்கச் செய்வதும் இல்லை. மேல்தோலின் அணுக்கள் இயல்பாகவே மேலெழுந்து உதிர்ந்துவிடும் அல்லவா? அந்த உதிர்வோடு சேர்ந்தே அது வெளியேறுகிறது. அணு சிதைந்தால்தான் அபாயச் செய்தி பரவும். சிதைவு இல்லாததால் காவலர்கள் விழித்துக்கொள்வதற்கே காலம் பிடிக்கிறது.

அதோடு செய்தித் தொடர்பையும் அது அறுக்கிறது. வைரஸிடம் ஈ6, ஈ7, ஈ5 என்னும் மூன்று புரதங்கள் உள்ளன. ஈ6, ஈ7 ஆகியவை இன்டர்ஃபெரான் சுரப்பதற்கான உள்கட்டளைகளைத் தடுக்கின்றன. அயல் மரபுப்பொருளை உணரும் டி.எல்.ஆர்.-9 என்னும் உணரியின் அளவை 16ஆம் வகையின் ஈ7 குறைக்கிறது. லாங்கர்ஹான்ஸ் அணுக்களை அழைக்கும் கீமோகைனும் குறைவதால், தொற்றுள்ள இடத்தில் அக்காவலர்களின் எண்ணிக்கை சரிகிறது. ஈ5 புரதமோ, 'நான் தொற்றுற்றிருக்கிறேன்' என்று அணு வெளியே காட்ட வேண்டிய அடையாளத்தை மேற்பரப்புக்கு வரவிடாமல் உள்ளேயே நிறுத்திவிடுகிறது.

இதே ஈ6, ஈ7 புரதங்கள்தாம் புற்றுநோயின் நேரடிக் காரணிகளும் ஆகும். பழுதடைந்த அணுவை நிறுத்திவைக்கும் பி53 என்னும் புரதத்தை ஈ6 அழிக்கிறது. அணுப் பிரிதலுக்குக் கடிவாளமாக உள்ள ஆர்.பி. புரதத்தை ஈ7 முடக்குகிறது. கடிவாளம் அறுந்த அணுக்கள் பெருகுகின்றன; பெருகும்தோறும் பிழைகள் சேர்கின்றன. எச்சரிக்கைச் செய்தி மறிக்கப்பட்டதால் தொற்று நீடிக்கிறது. தொற்று நீடிப்பதால் பிழைகள் குவிகின்றன. இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

நல்ல செய்தி திசைமாறும் நிலை

அடுப்புக்குள் எரியும்வரை தீ சோறு சமைக்கும்; கூரையைப் பற்றினால் வீட்டையே எரிக்கும். செய்தி மூலக்கூறுகளின் நிலையும் அத்தகையதே. எதிர்ப்புக்கென உண்டான அதே மூலக்கூறுகள், நீடித்த தொற்றில் நோய்க்குத் துணைபோகத் தொடங்குகின்றன.

முதலாவது, அமைதிப்படுத்தும் செய்திகள் மிகுந்துவிடுகின்றன. புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் தீவிரமாகும்போது கருப்பை வாயில் இன்டர்லூக்கின்-10, டி.ஜி.எஃப்.-பீட்டா ஆகியவற்றின் ஆதிக்கம் கூடுகிறது. 'சண்டை முடிந்தது, விலகிச் செல்லுங்கள்' என்பதே அவற்றின் செய்தி. சண்டை முடியாமலே அச்செய்தி பரவுவதால் கொல்லும் அணுக்கள் தளர்கின்றன. கட்டுப்படுத்தும் டி அணுக்கள் குவிகின்றன. டி.ஜி.எஃப்.-பீட்டாவின் நடத்தை குறிப்பிடத்தக்கது. நலமான மேல்தோலில் அது அணுக்களின் பெருக்கத்தை அடக்குகிறது. புற்று அணுக்களோ காலப்போக்கில் அந்த அடக்குதலுக்குச் செவிசாய்ப்பதை நிறுத்திவிடுகின்றன. அதன்பின் அம்மூலக்கூறு எதிர்ப்பணுக்களை மட்டுமே அடக்குகிறது.

இரண்டாவது, அழற்சிச் செய்திகள் வளர்ச்சிச் செய்திகளாகின்றன. இன்டர்லூக்கின்-6 என்பது காயம் ஆறுவதற்கும் தொற்றை எதிர்ப்பதற்கும் வேண்டிய மூலக்கூறு. கருப்பை வாய்ப் புற்று அணுக்கள் இதனைத் தாமே சுரந்து, தாமே பெற்று, அதன் தூண்டுதலால் பெருகுகின்றன. மேலும் இது வி.இ.ஜி.எஃப். என்னும் மற்றொரு மூலக்கூறின் சுரப்பைக் கூட்டுகிறது. வி.இ.ஜி.எஃப். புதிய இரத்தக் குழாய்களை முளைக்கச் செய்கிறது. கட்டி வளர்வதற்கு வேண்டிய ஊட்டமும் பிராணவாயுவும் அக்குழாய்களின் வழியே செல்கின்றன.

மூன்றாவது, எதிர்ப்புச் செய்தியே தடையை எழுப்புகிறது. கொல்லும் டி அணு புற்று அணுவை நெருங்கி இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரக்கும்போது, புற்று அணு பி.டி.-எல்1 என்னும் புரதத்தைத் தன் மேற்பரப்பில் உயர்த்திக்கொள்கிறது. அது டி அணுவின் பி.டி.-1 என்னும் பகுதியைத் தொட்டதும், டி அணு செயலிழந்து நிற்கிறது. நலமான திசுக்களைக் காப்பதற்கென உடல் அமைத்த நிறுத்து விசையைப் புற்று தனக்குக் கேடயமாக்கிக்கொள்கிறது.

சிலருக்கு மட்டும் ஏன்?

தொற்று தங்கிவிடும் வாய்ப்பைக் கூட்டும் சில நிலைகள் நன்கு அறியப்பட்டவை. எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்கு இப்புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஆறு மடங்கு அதிகம். உதவி டி அணுக்கள் குறைந்துவிடுவதால் கட்டளைச் செய்திகளே எழாமற் போவது இதற்கு முதன்மைக் காரணம். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்வோருக்கும் இவ்வாறே. இத்தகையோரிடத்து 15, 20 ஆண்டுகளில் நடக்க வேண்டியது 5 முதல் 10 ஆண்டுகளிலேயே நடந்துவிடக்கூடும். புகையிலைப் புகையின் நச்சுப் பொருள்கள் கருப்பை வாயின் சளியிலும் காணப்படுகின்றன. அங்குள்ள காவல் அணுக்களை அவை குறைக்கின்றன. கிளமிடியா போன்ற பிற தொற்றுகளும், பல பேறுகளும், கருத்தடை மாத்திரைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து உட்கொள்வதும் வாய்ப்பைச் சற்றே கூட்டுகின்றன.

இவற்றோடு பிறவியிலேயே அமைந்த வேறுபாடுகளும் உண்டு. வைரஸின் துணுக்கை டி அணுக்களுக்குக் காட்டும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறானவை. செய்தி மூலக்கூறுகளுக்கான மரபணுக்களிலும் சிறு மாறுதல்கள் உள்ளன. எனவே ஒரே வைரஸுக்கு இருவரின் உடல் ஒரே வேகத்தில் மறுமொழி அளிப்பதில்லை. எனினும் இவ்வேறுபாடுகளைச் சோதித்து, ஒருவருக்கு நோய் வரும், மற்றொருவருக்கு வராது என முன்கூட்டிச் சொல்ல இயலாது. அதற்கென இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை.

மேற்கூறிய எந்த நிலையும் இல்லாத பெண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. 'நான் என்ன தவறு செய்தேன்' என்னும் வினாவுக்கு எங்கள் விடை: தவறு ஏதும் இல்லை. ஒரு சாதாரணத் தொற்று, உடலின் செய்திகளை மறித்து, உங்களுக்குத் தெரியாமலே பல ஆண்டுகள் தங்கிவிட்டது.

களைப்பும் பசியின்மையும்

முற்றிய நிலையில் உள்ள நோயாளியின் வீட்டார் எங்களிடம் கூறும் முறையீடு ஒன்று உண்டு. "எவ்வளவு சொன்னாலும் அம்மா சாப்பிட மறுக்கிறார், நாள் முழுதும் படுத்தே இருக்கிறார், மனத்தை விட்டுவிட்டார்." இதற்கு மனத் தளர்ச்சியும் ஒரு காரணமாகலாம். ஆயினும் செய்தி மூலக்கூறுகளின் பங்கும் பெரிது. கட்டியிலிருந்து இடைவிடாது சுரக்கும் இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். போன்றவை இரத்தத்தில் கலந்து மூளையில் பசியுணர்வை மங்கச் செய்கின்றன, தசையைக் கரைக்கின்றன, உறங்கி எழுந்தாலும் நீங்காத களைப்பைத் தருகின்றன. காய்ச்சலில் நாம் மூன்று நாள் உணரும் அசதியை அவர் மூன்று மாதமாக உணர்கிறார் என எண்ணிப் பார்த்தால் ஓரளவு விளங்கும்.

இரத்தசோகைக்கும் இவ்வாறே இரு காரணங்கள். ஒன்று, உதிரப்போக்கு. மற்றொன்று, இன்டர்லூக்கின்-6 கல்லீரலைத் தூண்டி ஹெப்சிடின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்வது. ஹெப்சிடின் மிகுந்தால், உண்ணும் உணவிலுள்ள இரும்புச் சத்து குடலிலிருந்து இரத்தத்துக்குச் செல்லாது. சேமிப்பில் உள்ளதும் வெளிவராது. ஆகவேதான் சில நோயாளிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை மட்டும் போதாமல், ஊசி வழியாகவோ இரத்தம் ஏற்றியோ சரிசெய்ய நேர்கிறது. கதிர்வீச்சு நன்கு வேலை செய்வதற்கும் போதிய ஹீமோகுளோபின் வேண்டும் என்பதால் நாங்கள் இதில் கண்டிப்பாக இருக்கிறோம்.

வீட்டார்க்கு எங்கள் வேண்டுகோள் இதுதான்: சாப்பிடாததற்காக அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். மூன்று வேளை நிறையச் சோறு என்பதை விடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிதளவு கஞ்சி, முட்டை, பருப்பு, தயிர் எனக் கொடுங்கள். இயன்றவரை சில நிமிடங்கள் நடக்கச் செய்யுங்கள்.

சிகிச்சையில் இவ்வறிவின் பயன்

தொடக்க நிலையில் அறுவை சிகிச்சையே நோயைத் தீர்த்துவிடக்கூடும். கட்டி பரவலாக உள்ளபோது, மக்கள் 'கரண்ட் வைப்பது' என்று கூறும் வெளிக் கதிர்வீச்சும், வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்தும், அதன்பின் உள்கதிர்வீச்சும் அளிக்கப்படுகின்றன. கதிர்வீச்சோடு மருந்தையும் சேர்த்துத் தருவது நோயாளிகளின் வாழ்நாளை நீட்டிக்கிறது என்பதை 1999ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகள் நிலைநாட்டின.

கதிர்வீச்சு புற்று அணுக்களின் மரபுப்பொருளைத் துண்டாக்கிக் கொல்கிறது. அத்துடன், அவ்வாறு சிதையும் அணுவிலிருந்து மரபுப்பொருள் துண்டுகள் சிதறும்போது, வைரஸ் மறித்து வைத்திருந்த அபாயச் செய்திகள் மீண்டும் எழுகின்றன, இன்டர்ஃபெரான் சுரக்கிறது, எதிர்ப்பணுக்கள் அவ்விடம் நோக்கி வருகின்றன. ஆயினும் சிகிச்சையை இடையில் நிறுத்தினால் தப்பிய புற்று அணுக்கள் விரைந்து பெருகும். வெளிக் கதிர்வீச்சு, உள்கதிர்வீச்சு இரண்டும் சேர்ந்து எட்டு வாரங்களுக்குள் முடிவடைய வேண்டும் என்பது முறை. வீட்டு விசேஷம், அறுவடை, பேருந்துச் செலவு என எக்காரணத்தாலும் இடையில் வராமல் இருந்துவிட வேண்டாம். செலவோ தங்குமிடமோ தடையாக இருப்பின் எங்கள் சமூகப் பணியாளரிடம் முன்னதாகவே கூறுங்கள்.

செய்தி மூலக்கூறுகளையே குறிவைக்கும் மருந்துகளும் வந்துள்ளன. வி.இ.ஜி.எஃப். மூலக்கூறைப் பற்றி முடக்கும் பெவாசிசுமாப், பரவிய அல்லது மீண்டும் வந்த நோய்க்குக் கீமோ மருந்துகளோடு சேர்த்து அளிக்கப்படுகிறது. அமெரிக்காவில் இதற்கு 2014ஆம் ஆண்டு ஒப்புதல் கிடைத்தது. பி.டி.-1 விசையை விடுவிக்கும் பெம்ப்ரோலிசுமாப், பி.டி.-எல்1 காணப்படும் கட்டிகளுக்கு 2018ஆம் ஆண்டு முதல் அங்கு ஒப்புதல் பெற்றுள்ளது. பின்னர்க் கீமோவோடு சேர்த்தும், 2024ஆம் ஆண்டு முதல் சில முற்றிய நிலைகளில் கதிர்வீச்சோடு சேர்த்தும் அளிக்கப்படுகிறது. இந்த நிறுத்து விசைகளைப் பற்றிய கண்டுபிடிப்புக்காகவே ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோஞ்சோ ஆகிய இருவருக்கும் 2018ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இம்மருந்துகள் எல்லோருக்கும் பயன் தருவதில்லை. விலையும் மிக அதிகம். எவருக்குத் தேவை என்பதைக் கட்டியின் பரிசோதனையும் நோயின் நிலையுமே முடிவு செய்யும். மேலும், நிறுத்து விசையை விடுவித்தால் எதிர்ப்பணுக்கள் நலமான உறுப்புகளையும் தாக்கக்கூடும். பெம்ப்ரோலிசுமாப் பெறுவோருக்கு மிகுந்த வயிற்றுப்போக்கு, மூச்சுத் திணறல், வறட்டு இருமல், உடலெங்கும் தடிப்பு, கண் மஞ்சளாதல், கடும் அசதி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். சிகிச்சை முடிந்து சில மாதங்கள் ஆன பின்னும் இவை தோன்றக்கூடும். அருகிலுள்ள மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்க முயல வேண்டாம்.

அடிக்கடி எழும் ஐயங்கள்

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடிகள், லேகியங்கள், பானங்கள் உதவுமா? எதிர்ப்பாற்றல் என்பது கூட்டவோ குறைக்கவோ கூடிய ஒரே பொருள் அன்று என்பதை மேலே கண்டோம். சில செய்திகள் மிகுந்திருப்பதே இந்நோயில் சிக்கலாக உள்ளது. கருப்பை வாய்ப் புற்றுநோயைக் குணப்படுத்தும் பொடியோ லேகியமோ எதுவும் இல்லை. சில பொருள்கள் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பாதித்துக் கீமோவைத் தள்ளிவைக்கும் நிலையை உண்டாக்குகின்றன. எதனை உட்கொண்டாலும் எங்களிடம் மறைக்காமல் கூறுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

நோயாளியோடு சேர்ந்து உண்டால், அவர் துணியைத் துவைத்தால் ஒட்டிக்கொள்ளுமா? ஒட்டாது. புற்றுநோய் தொற்றுவதில்லை. தனித் தட்டும் தனிப் பாயும் தேவையில்லை. வெளிக் கதிர்வீச்சு பெற்று வீடு திரும்பியவர் உடலில் கதிர் எதுவும் எஞ்சியிராது. பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு வந்ததால் மகளுக்கும் வருமா? இது பெரும்பாலும் மரபு வழியாகத் தொடரும் நோய் அன்று. மகளுக்கு வேண்டியது அச்சம் அன்று, தடுப்பூசியும் பரிசோதனையுமே.

நோய் வந்தவருக்குத் தடுப்பூசி போட்டால் குணமாகுமா? குணமாகாது. தடுப்பூசி, வைரஸ் அணுவுக்குள் நுழையும் முன் தடுப்பது. உள்ளே நுழைந்து தங்கிவிட்ட வைரஸையோ உருவாகிவிட்ட கட்டியையோ அதனால் நீக்க இயலாது.

வீட்டிலுள்ள மற்றப் பெண்களுக்கு

எச்.பி.வி. தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. வைரஸின் வெளிக்கூடு போன்ற வெற்றுப் புரதமே உள்ளது. அதனைக் கண்ட உடல், மேற்கூறிய செய்திகள் எவராலும் மறிக்கப்படாமல் ஒழுங்காகப் பரவ, இயற்கைத் தொற்றில் உண்டாவதைக் காட்டிலும் பன்மடங்கு எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறது. 2006ஆம் ஆண்டு முதல் உலகில் இது பயன்பாட்டில் உள்ளது. இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவேக் என்னும் தடுப்பூசிக்கு 2022ஆம் ஆண்டு அனுமதி அளிக்கப்பட்டது. 9 முதல் 14 வயது வரையிலான சிறுமியருக்கு இது மிகுந்த பயன் தரும். அவ்வயதினருக்கு ஒன்று அல்லது இரண்டு தவணை போதும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

தடுப்பூசி போடாத வயதினருக்குப் பரிசோதனையே காவல். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடையே நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2007ஆம் ஆண்டு வெளியாயிற்று. கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடங்களைச் செவிலியர்கள் கண்ணால் பார்த்துக் கண்டறிந்தனர். மாற்றம் உள்ளவர்களுக்கு உடனே சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒரே ஒருமுறை செய்த இந்த எளிய சோதனையால் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. நம் ஊர்ப் பெண்களிடமே மெய்ப்பிக்கப்பட்ட உண்மை இது. 30 வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணும், வலியோ வெள்ளைப்படுதலோ இல்லாவிடினும், இச்சோதனையையோ எச்.பி.வி. பரிசோதனையையோ செய்துகொள்ள வேண்டும். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும். உறவுக்குப் பின் உதிரம் படுதல், மாதவிலக்கு நின்றபின் உதிரம் காணுதல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் ஆகியவை தோன்றினால் நாள் தள்ளாமல் வர வேண்டும்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் உதிரம் கண்ட பின்னரே மருத்துவரை நாடியவர்கள். உடலின் செய்தி மூலக்கூறுகளை வைரஸ் மறித்துவிடுகிறது. ஆனால் ஒரு பெண் மற்றொரு பெண்ணுக்குச் சொல்லும் செய்தியை அதனால் மறிக்க இயலாது. சிகிச்சைக்கு வந்திருக்கும் தாய்மார்களே, உங்களுக்கு உடன் துணையாக வந்திருக்கும் மகளிடமும் தங்கையிடமும் மருமகளிடமும் இன்றே கேளுங்கள்: "நீ பரிசோதனை செய்துகொண்டாயா?" இல்லை என்று அவர்கள் கூறினால், நீங்கள் சிகிச்சை பெறும் நேரத்திலேயே அவர்களை எங்கள் மகளிர் நலப் பிரிவுக்கு அனுப்பிவையுங்கள். சில நிமிடங்களில் அவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள்.